விசாரணையற்ற சிறை: கட்சி மாறினாலும் மாறாத அதிகாரம்

1919 மார்ச் மாதம் காந்தி சென்னையில் தங்கியிருந்தார். அவர் வருகைக்கு முன்னின்றவர் ராஜாஜி. ரௌலட் மசோதா சட்டமாகிவிட்டது என்ற செய்தி அப்போதுதான் வந்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் ஒரு நாள் கடையடைத்து, உண்ணாநோன்பிருந்து, பிரார்த்தனை செய்யலாம் என்ற யோசனை காந்திக்கு இங்கே உதித்தது. அதை அவர் முதலில் சொன்னது ராஜாஜியிடம். விசாரணை இல்லாமல் ஒருவரைச் சிறையில் அடைக்கும் அதிகாரத்துக்கு எதிராக இந்தியா எழுந்த வரலாறு அந்த உரையாடலிலிருந்து தொடங்குகிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1951 பிப்ரவரியில், சுதந்திர இந்தியாவின் உள்துறை அமைச்சராக இருந்த அதே ராஜாஜி, விசாரணை இல்லாமல் ஒருவரைச் சிறையில் அடைக்க வழிசெய்யும் தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டிக்கும் திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தார். ராஜாஜியைக் கொள்கை மாறியவர் என்று குற்றம்சாட்ட இதைச் சொல்லவில்லை. காவலில் வைக்கப்படும் அனைவரின் வழக்கும், காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் செல்ல வேண்டும் என்ற பாதுகாப்பை அந்தத் திருத்தம்தான் கொண்டுவந்தது. அவ்வளவு நேர்மையும் சட்ட அறிவும் கொண்ட ஒருவருக்கே, எதிர்த்து நின்றபோது அநீதியாகத் தெரிந்த அதிகாரம் ஆட்சியில் அமர்ந்தபோது தவிர்க்க முடியாத தேவையாகத் தெரிந்தது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

சட்டமும் அரசியலும் சேர்ந்து நீதியை எப்படி வடிவமைக்கின்றன என்பதற்கு இந்தியாவில் தடுப்புக் காவலைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. குற்றம் செய்தவரைத் தண்டிப்பது வழக்கமான குற்றவியல் சட்டத்தின் வேலை. அதற்குக் குற்றச்சாட்டு வேண்டும், சாட்சி வேண்டும், குறுக்கு விசாரணை வேண்டும், தீர்ப்பு வேண்டும். இனிமேல் குற்றம் செய்யக்கூடும் என்று ஓர் அதிகாரி கருதுவதாலேயே ஒருவரை அடைத்துவைப்பது தடுப்புக் காவல். அங்கே சாட்சியின் இடத்தில் அதிகாரியின் மனநிறைவு அமர்ந்துகொள்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிவைத்த இந்த அதிகாரத்தை எதிர்த்துப் போராடியவர்களில் பெரும்பாலோர், ஆட்சி கைக்கு வந்ததும் அதைக் கைவிடாமல் வைத்துக்கொண்டார்கள். எனவே ஆள்பவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியில் நீதியைத் தேடினால் அது கிடைக்காது. எவர் ஆண்டாலும் மீற முடியாத நடைமுறையில்தான் அது பாதுகாப்பாக இருக்கும். இந்தியா இன்னும் அந்த நடைமுறையை முழுமையாக உருவாக்கவில்லை என்பதே என் வாதம்.

1818ஆம் ஆண்டின் வங்காள ஒழுங்குமுறை மூன்று, அரசியல் காரணங்களுக்காக ஒருவரைக் காலவரையின்றி அடைத்துவைக்கும் அதிகாரத்தைக் கம்பெனி அரசுக்குத் தந்தது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்துக்கும் அதேபோன்ற ஒழுங்குமுறை வந்தது. சிற்றரசர்களையும் பாளையக்காரர்களையும் கட்டுப்படுத்த நினைத்த ஒரு வணிகக் கம்பெனியின் ஏற்பாடு அது. ஆனால் சுமார் தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அது உயிரோடு இருந்தது. 1907இல் லாலா லஜபதி ராயை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தாமல் பர்மாவின் மாண்டலேக்கு நாடு கடத்த அரசுக்கு உதவியது அந்தப் பழைய ஒழுங்குமுறைதான். முதல் உலகப் போரின்போது இந்தியப் பாதுகாப்புச் சட்டம் இந்த அதிகாரத்தை விரித்தது. போர் முடியும் தறுவாயில், போர்க்கால அதிகாரங்களை அமைதிக் காலத்திலும் நீட்டிக்கப் பரிந்துரைத்தது ரௌலட் குழு. அந்தக் குழுவில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி.குமாரசுவாமி சாஸ்திரியும் இருந்தார். அதன் மசோதாவை இம்பீரியல் சட்டசபையில் எதிர்த்து உரையாற்றியவர்களில் மிதவாதியான வலங்கைமான் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியும் ஒருவர். இந்திய உறுப்பினர்களின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மசோதா நிறைவேறியது. ஜின்னா தம் உறுப்பினர் பதவியைத் துறந்தார். பஞ்சாப் தலைவர்கள் கிச்சுலுவும் சத்தியபாலும் விசாரணையின்றிப் பிடித்துச் செல்லப்பட்டதை எதிர்த்து அமிர்தசரஸில் மக்கள் திரண்டார்கள். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில், அரசுக் கணக்குப்படியே 379 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ரௌலட் சட்டம் 1922இல் திரும்பப் பெறப்பட்டாலும் அதன் அதிகாரம் வேறு பெயர்களில் தொடர்ந்தது.

இந்த வரலாற்றை உடம்பில் சுமந்தவர்கள்தான் அரசமைப்பு அவையில் அமர்ந்தார்கள். அவர்களில் பலர் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர்கள். அடிப்படை உரிமைகளின் முதல் வரைவுகளில், முறையான நியாயமான நடைமுறை இல்லாமல் எவருடைய சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்ற அமெரிக்க மரபின் பாதுகாப்பு இருந்தது. அரசமைப்பு ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டர் உள்ளிட்டோரைச் சந்தித்துத் திரும்பிய பிறகு அந்தச் சொற்றொடர் விடைபெற்றது. சட்டம் வகுத்த நடைமுறை என்ற மெலிந்த பாதுகாப்பு 21ஆம் கூறில் இடம்பிடித்தது. சட்டமன்றம் எந்த நடைமுறையை வகுத்தாலும் அது போதும் என்பதே அதன் பொருளாகக் கொள்ளப்பட்டது. பிரிவினைக் கலவரங்களும் தெலங்கானா கிளர்ச்சியும் ஆட்சியாளர்களை அச்சத்தில் வைத்திருந்த காலம் அது. நீதிமன்றங்கள் சமூகச் சீர்திருத்தச் சட்டங்களை முடக்கிவிடும் என்ற கவலையும் இருந்தது. இந்த மாற்றம் நாட்டில் பலருக்கு மனக்குறையை அளித்திருப்பதை 1949 செப்டம்பரில் அம்பேத்கர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடுசெய்யும் முயற்சியாக இன்றைய 22ஆம் கூறை முன்மொழிந்தார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞரின் உதவி கிடைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் தடுப்புக் காவலில் உள்ளவருக்கு இந்த இரண்டு உரிமைகளும் கிடையாது என்று சொல்வதும் அதே கூறுதான். பேச்சுரிமைக்கும் வழிபாட்டு உரிமைக்கும் இடம் தந்த அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தின் நடுவிலேயே விசாரணையற்ற சிறைக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

குடியரசு மலர்ந்து ஒரு மாதம்கூட முழுதாக நிறைவடைவதற்குள், 1950 பிப்ரவரி இறுதியில், தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. அதை முன்மொழிந்த சர்தார் படேல், இந்த முடிவை எடுக்கத் தாம் உறக்கமின்றி இரவுகளைக் கழித்ததாக அவையில் சொன்னார். அவருடைய வேதனை உண்மையானதுதான். ஓராண்டுக்கு என்று கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டமோ, மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 1969 டிசம்பர் வரை நீடித்தது. அதன் முதல் பெரிய சோதனை சென்னை மாநிலத்திலிருந்தே எழுந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் 1947 டிசம்பர் முதல் சிறையில் இருந்தார். ஓர் உத்தரவு செல்லாமல் போனால் அடுத்த உத்தரவு காத்திருந்தது. அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். ஏ.கே.கோபாலன் எதிர் சென்னை மாநிலம் என்ற அந்த வழக்கில் 1950 மே 19 அன்று பெரும்பான்மை நீதிபதிகள், சட்டமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கத் தேவையில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தார்கள். நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். அறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, பாரபட்சமற்ற தீர்ப்பாளர், ஒழுங்கான விசாரணை ஆகியவை இல்லாத நடைமுறையை நடைமுறை என்றே கருத முடியாது என்பது அவர் கருத்தின் சாரம். அன்று சிறுபான்மையாக நின்ற அந்தக் கருத்தின் பக்கம் உச்ச நீதிமன்றம் வந்துசேர 1978இன் மேனகா காந்தி வழக்கு வரை இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. கோபாலனோ 1952இல் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு மக்களவைக்குச் சென்று, கம்யூனிஸ்ட் குழுவின் தலைவராக அமர்ந்தார். பொது ஒழுங்குக்கு ஆபத்து என்று அரசு மதிப்பிட்ட ஒருவரைத் தங்கள் பிரதிநிதி என்று மக்கள் மதிப்பிட்டார்கள். இந்த இரண்டு மதிப்பீடுகளுக்கும் இடையிலான தூரம்தான் தடுப்புக் காவலின் அடிப்படைப் பிழையைக் காட்டுகிறது.

அந்தச் சட்டம் 1969இல் காலாவதியானதும், 1971இல் வேறு பெயரில் திரும்பி வந்ததும் அரசியல் கணக்கின் விளைவுகளே. காங்கிரஸ் பிளவுபட்டு, இந்திரா காந்தியின் அரசு இடதுசாரிகளின் ஆதரவை நம்பியிருந்தபோது, அவர்கள் எதிர்த்த சட்டத்தை நீட்டிக்க அரசுக்குப் பலம் இல்லை. 1971 தேர்தலில் பெரும் வெற்றி கிடைத்த சில மாதங்களில், உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம் என்ற மிசா வந்தது. நாட்டின் பாதுகாப்பு நிலைமை இந்த இடைவெளியில் மாறியிருக்கலாம். ஆனால் நாடாளுமன்ற எண்ணிக்கை அதைவிட நிச்சயமாக மாறியிருந்தது. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மிசாவின் கீழும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றதை ஷா ஆணையம் பின்னர் பதிவு செய்தது. அவர்களில் ஜெயப்பிரகாஷ் நாராயணும் மொரார்ஜி தேசாயும் இருந்தார்கள்.

அந்த இருட்டில் நீதிமன்றம் என்ன செய்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் மறக்கக் கூடாது. ஒன்பது உயர் நீதிமன்றங்கள், நெருக்கடி நிலையிலும் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்க முடியும் என்று துணிவோடு சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் வழக்கில் அந்தத் தீர்ப்புகளை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்து செய்தது. ஒரு காவலர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டாலும் நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா என்று விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டதற்கு, நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்ற பொருளிலேயே அரசின் தலைமை வழக்கறிஞரிடமிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்டபிறகும் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மாறுபட்டார். 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவருக்குப் போனது. அவர் பதவி விலகினார். கேரளத்தில் பொறியியல் மாணவர் ராஜன் 1976 மார்ச்சில் போலீஸாரால் கொண்டு செல்லப்பட்டார். அவருடைய தந்தையின் ஆட்கொணர்வு மனு, நெருக்கடி நிலை விலகிய பிறகு 1977இல் கேரள உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோதுதான் அந்த மாணவர் உயிரோடு இல்லை என்ற உண்மை வெளிப்பட்டது. முதல்வர் கருணாகரன் பதவி இழந்தார். ஆட்கொணர்வு மனு என்ற ஒரு நடைமுறை மூடப்பட்டிருந்தபோது ஓர் உயிர் எப்படிக் காணாமல் போனது, அது திறந்ததும் ஓர் அரசு எப்படி ஆட்டம் கண்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தனியுரிமை வழக்கில் வெளிப்படையாக அறிவித்து அதை நீக்கியது. நாற்பத்தோரு ஆண்டுகள் தாமதமாகக் கிடைத்த திருத்தம் அது.

தமிழ்நாட்டில் மிசா என்ற சொல் அரசியல் நினைவின் பகுதியாகவே ஆகிவிட்டது. 1976 ஜனவரி 31 அன்று திமுக அரசு கலைக்கப்பட்டது. தொடர்ந்து அக்கட்சியின் தலைவர்களும் தொண்டர்களும், திராவிடர் கழகத்தினரும், பிற எதிர்க்கட்சியினரும் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்கள். மு.க.ஸ்டாலின் அங்கே அடிபட்டார். முன்னாள் மேயர் சிட்டிபாபு சிறையில் நேர்ந்த துன்பத்துக்குப் பின் உயிரிழந்தார். நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அந்தச் சிறைக்கொடுமைகளை விசாரித்தது. இன்றும் மிசா கைதி என்பது மேடைகளில் பெருமையோடு சொல்லப்படும் அடையாளம். அந்தப் பெருமைக்கு ஒரு கடமையும் உண்டு. தாங்கள் அனுபவித்தது வேறு எவருக்கும் நேரக் கூடாது என்று சட்டத்தை மாற்றியிருக்க வேண்டிய கடமை அது.

அந்தக் கடமையை டெல்லியில் முதலில் தவறவிட்டது ஜனதா அரசு. மிசாவை அது நீக்கியது, உண்மை. 44ஆம் திருத்தத்தின் மூலம், நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையையும் உடல் சுதந்திரத்தையும் முடக்க முடியாது என்று வகுத்தது, அது அரசமைப்பு வரலாற்றின் பெரும் சாதனை. ஆனால் அதே அரசு குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள்ளேயே தடுப்புக் காவலை நிரந்தரமாக நுழைக்க மசோதா கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் கைவிட்டது. 1979இல் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா ஏற்றபோது, சட்டவிரோதக் காவலுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை இந்தியாவில் கிடையாது என்று விலக்கு எழுதிக்கொடுத்தது. அப்போதைய பிரதமர், ஒன்றரை ஆண்டுக்கும் மேல் விசாரணையின்றிக் காவலில் இருந்த மொரார்ஜி தேசாய். அவருக்கு அடுத்து வந்த சரண்சிங்கும் நெருக்கடி நிலையில் சிறை சென்றவர். அவருடைய காபந்து அரசு கள்ளச் சந்தைக்காரர்களுக்கு எதிராக மற்றொரு தடுப்புக் காவல் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. 1980இல் திரும்பி வந்த இந்திரா காந்தியின் அரசு தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

இதைவிடக் கவலைக்குரியது, 44ஆம் திருத்தத்தின் மூன்றாம் பிரிவு இன்றுவரை அமலுக்கு வரவில்லை என்பது. அறிவுரைக் கழகத்தின் கருத்தின்றி ஒருவரை அடைத்துவைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைக்கவும், அந்தக் கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி, பதவியில் இருக்கும் நீதிபதி ஒருவரின் தலைமையில் அமைக்கவும் வகைசெய்யும் பிரிவு அது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்ற அரசமைப்புத் திருத்தம் அது. அதை அமலுக்குக் கொண்டுவர மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். ஏ.கே.ராய் வழக்கில் 1981 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அறிவிக்கை வெளியிடும்படி அரசைத் தன்னால் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டது. அதன்பின் காங்கிரஸ், ஜனதா தளம், ஐக்கிய முன்னணி, பாஜக என்று டெல்லியில் எல்லா நிறத்து அரசுகளும் வந்துவிட்டன. இவற்றில் ஒன்றுகூட அந்த அறிவிக்கையை வெளியிடவில்லை.

காஷ்மீரில் இந்த வரலாறு ஒரே குடும்பத்துக்குள் நடந்து முடிந்தது. ஷேக் அப்துல்லா 1953இல் பதவி நீக்கப்பட்டு, அடுத்த பல ஆண்டுகளைக் காவலிலேயே கழித்தவர். 1978இல் முதல்வராக இருந்தபோது மரக்கடத்தல்காரர்களை ஒடுக்குவதற்கென்று பொதுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். விசாரணையின்றி இரண்டு ஆண்டுகள் வரை ஒருவரை அடைத்துவைக்க அது இடம் தந்தது. 2019 செப்டம்பரில் அதே சட்டத்தின் கீழ், மூன்று முறை முதல்வராக இருந்த அவருடைய மகன் ஃபரூக் அப்துல்லா காவலில் வைக்கப்பட்டார். பேரன் ஒமர் அப்துல்லா மீதும் 2020 பிப்ரவரியில் அந்தச் சட்டம் பாய்ந்தது. சட்டம் இயற்றும்போது யாரை நினைத்து எழுதுகிறோம் என்பது முக்கியமே இல்லை. அது யார் கைக்குப் போகக்கூடும் என்பதே கேள்வி என்பதை இதைவிட அழுத்தமாக எந்தப் பாடநூலும் சொல்லாது.

நம் மாநிலத்துக்கு வருவோம். 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம், மக்கள் வாயில் குண்டர் சட்டம், எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், பாலியல் தொழில் தரகர்கள், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்போர் என்று தொடங்கிய பட்டியல் காலப்போக்கில் நீண்டது. வனக் குற்றவாளிகள் சேர்ந்தார்கள். 2004இல் திருட்டு வி.சி.டி. விற்போர் சேர்ந்தார்கள். மணல் கடத்துவோரும் இணையவழிக் குற்றவாளிகளும் பாலியல் குற்றவாளிகளும் அடுத்தடுத்துச் சேர்ந்தார்கள். 2025இல் மருத்துவக் கழிவைக் கொட்டுவோரையும் சேர்க்கும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. திமுகவும் அதிமுகவும் மாறி மாறி ஆண்டிருக்கின்றன. பட்டியலைச் சுருக்கிய ஆட்சி ஒன்றும் இல்லை. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கையெழுத்திட்டால் ஒருவர் பன்னிரண்டு மாதம் வரை உள்ளே இருக்கலாம். ஐந்து நாளில் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும், பன்னிரண்டு நாளில் அரசு ஒப்ப வேண்டும், மூன்று வாரத்தில் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும், ஏழு வாரத்தில் அது கருத்துச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கழகத்தின் முன் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை காவலில் உள்ளவருக்கு இல்லை. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களில், தடுப்புக் காவலில் உள்ளோர் எண்ணிக்கையில் தமிழ்நாடு அண்மைக் காலத்தின் பல ஆண்டுகளில் முதலிடத்தில் நின்றிருக்கிறது. சமூக நீதியில் முன்னோடி என்று பெருமைப்படும் மாநிலத்துக்கு இது பொருந்தாத இடம்.

இந்த அதிகாரம் ரௌடிகளோடு நின்றுவிடவும் இல்லை. 2017இல் மெரினாவில் ஈழப் போரில் இறந்தோருக்கு நினைவேந்தல் நடத்த முயன்ற மே பதினேழு இயக்கத்தினர் மீதும், நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களுக்கு ஆதரவாகச் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மீதும் குண்டர் சட்டம் பாய்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவுகளை அதே ஆண்டில் ரத்து செய்தது. கருத்து வேறுபாட்டைக் குண்டர்தனமாகக் காட்ட முடிந்தது என்றால், பிழை அந்த ஓர் உத்தரவில் மட்டும் இல்லை. அதற்கு இடம் கொடுத்த சட்டத்தின் அகலத்தில் இருக்கிறது. சட்டம்-ஒழுங்குச் சிக்கல் எல்லாம் பொது ஒழுங்குச் சிக்கல் ஆகிவிடாது என்பதை ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி இதயத்துல்லா 1960களிலேயே விளக்கிவிட்டார். வழக்கமான சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவலைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொன்னது. பிணை கிடைத்துவிடும் என்பதற்காகவே குண்டாஸ் போடும் வழக்கம் அதன் பிறகும் நிற்கவில்லை.

இந்த இடத்தில் நியாயமான எதிர்வாதம் ஒன்று எழும். கட்டப்பஞ்சாயத்து செய்பவரையும் கூலிப்படைத் தலைவரையும் கண்டு ஒரு தெருவே நடுங்குகிறது. சாட்சி சொன்னால் வெட்டுவார்கள் என்று மக்கள் அஞ்சுகிறார்கள். வழக்கு பத்து ஆண்டு இழுக்கிறது. பிணையில் வந்தவர் அடுத்த கொலைக்குத் திட்டமிடுகிறார். அந்தத் தெருவில் வாழும் மக்களுக்கு நடைமுறையைப் பற்றிப் பாடம் எடுப்பது சுலபம், அவர்களுடைய பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று ஒரு காவல் அதிகாரி கேட்டால், அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அந்த அச்சம் மெய்யானது. ஆனால் தடுப்புக் காவல் அந்த அச்சத்தைத் தீர்க்கிறதா? பன்னிரண்டு மாதம் கழித்து, எந்தக் குற்றமும் நிரூபணமாகாமல் அதே ஆள் அதே தெருவுக்குத் திரும்புகிறார். அவர்மீதான மூல வழக்கு அப்படியே நிலுவையில் கிடக்கிறது. சாட்சிகள் முன்பைவிட அதிகமாகப் பயப்படுகிறார்கள். உண்மையான குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதற்குப் பதிலாக ஓர் இடைவேளை கிடைக்கிறது. சாட்சிகளைக் காப்பதற்கென்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு திட்டத்தை ஏற்று அதைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்தச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் மாநிலங்கள் அத்தகைய திட்டத்தை வகுக்க வேண்டும் என்கிறது. பிணையை ரத்து செய்ய மனு செய்யலாம். நன்னடத்தைப் பிணைமுறி வாங்கலாம். ரௌடித்தன வழக்குகளை விரைவு நீதிமன்றங்களில் முடிக்கலாம். இவை உழைப்பைக் கேட்கும் வழிகள். தடுப்புக் காவல் ஒரு கையெழுத்தை மட்டுமே கேட்கிறது. புலனாய்வைச் செம்மையாகச் செய்யும் பழக்கத்தை அந்தக் கையெழுத்து மெல்ல மெல்ல அழித்துவிடுகிறது என்பதுதான் காவல் துறைக்கே அது செய்யும் தீங்கு.

அரசமைப்பே அனுமதித்திருக்கிறதே என்பது இரண்டாம் எதிர்வாதம். அனுமதித்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அனுமதி, பிரிவினையின் இரத்தம் உலராத ஒரு தருணத்தில், வருத்தத்தோடு தரப்பட்ட விதிவிலக்கு. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது பிரிட்டனும் விசாரணையற்ற காவலைப் பயன்படுத்தியது. 1941இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகளில் அட்கின் பிரபு ஒருவர் மட்டும் அதற்கு எதிராக எழுதினார். போர் முடிந்ததும் பிரிட்டன் அந்த விதியைக் கைவிட்டது. நாம் காலனி அரசிடமிருந்து பெற்ற போர்க்கால அதிகாரத்தைத் திருட்டு வி.சி.டி.க்கும் மணல் லாரிக்கும் பயன்படுத்துகிறோம். விதிவிலக்காக வந்தது அன்றாட நிர்வாகமாகிவிட்டால், அதை அனுமதித்தவர்களின் எண்ணத்தையே மீறியவர்களாகிறோம்.

தவறான உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிடுகிறதே, பிறகென்ன கவலை என்பது மூன்றாம் எதிர்வாதம். சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் குண்டர் சட்ட உத்தரவுகளைத் தொடர்ந்து ரத்து செய்துவருவது உண்மைதான். பெரும்பாலும் எந்தக் காரணங்களுக்காக? மனுவைப் பரிசீலிப்பதில் தாமதம், கொடுத்த நகல்களில் எழுத்து தெளிவில்லை, கைதிக்குத் தெரிந்த மொழியில் ஆவணம் தரவில்லை என்பன போன்ற காரணங்களுக்காக. அந்த நபர் உண்மையில் ஆபத்தானவரா என்ற கேள்வியை நீதிமன்றம் தொடுவதே அரிது, ஏனென்றால் சட்டம் அதை அதிகாரியின் மனநிறைவுக்கு விட்டுவிட்டது. ஆகவே ஆபத்தானவரும் ஓர் எழுத்துப்பிழையால் வெளியே வரலாம். அப்பாவியும் ஆவணங்கள் ஒழுங்காக இருந்ததால் ஓராண்டு உள்ளே கிடக்கலாம். ஆட்கொணர்வு மனு தீர்ப்பை எட்டுவதற்குள் சில மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த மாதங்களில் ஒரு கூலித் தொழிலாளி வேலையை இழக்கிறார், குடும்பம் கடன்படுகிறது, அக்கம்பக்கத்தார் முகம் திருப்புகிறார்கள். வெளியே வரும்போது மன்னிப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை, தவறாகக் கையெழுத்திட்ட அதிகாரிக்கு ஒரு கேள்வியும் இல்லை. உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல வசதியில்லாதவருக்கு இந்தத் திருத்தம்கூட எட்டுவதில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. மத்திய அரசு 44ஆம் திருத்தத்தின் மூன்றாம் பிரிவை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை வெளியிட வேண்டும், தமிழ்நாட்டு எம்.பி.க்கள் கட்சி வேறுபாடின்றி அதைக் கேட்க வேண்டும். மாநில அரசு மத்திய அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குண்டர் சட்டத்தைத் திருத்தி, அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வாதாடும் உரிமையைத் தன் சட்டத்திலேயே தரலாம். வழக்கமான குற்றவியல் சட்டம் தண்டிக்கக்கூடிய குற்றங்களைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். எத்தனை உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன, எத்தனை ரத்தாயின, எந்தக் காரணத்தால் என்ற விவரத்தை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கலாம். சட்டவிரோதமாக அடைக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரும் விதியை இயற்றலாம். மிசா சிறையின் வலியைத் தன் வரலாறாகச் சொல்லிக்கொள்ளும் கட்சிகளுக்கும், அந்த நெருக்கடி நிலையை ஆண்டுதோறும் கண்டிக்கும் கட்சிகளுக்கும் இதைச் செய்யும் தார்மீகக் கடமை மற்றவர்களைவிட அதிகம்.

வாக்காளர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. நமக்குப் பிடிக்காத ஒருவர்மீது குண்டாஸ் பாயும்போது கைதட்டுவதும், நமக்குப் பிடித்த ஒருவர்மீது பாயும்போது ஜனநாயகம் செத்துவிட்டது என்று குரல் எழுப்புவதும் நம் பழக்கமாகிவிட்டன. அந்தக் கைதட்டல்தான் 1818இன் அதிகாரத்தை இரு நூற்றாண்டுகள் கடந்தும் காப்பாற்றிவருகிறது. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம், எதிர்க்கட்சியில் இருந்தபோது எதிர்த்த இந்தச் சட்டத்தை ஆட்சிக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள்.